குடியை விட மதராசுக்குக் கப்பலேறினேன்

பினாங்கிலிருந்து மதராசுக்குப் போகிறவர்கள் பெண் பார்க்கப் போவார்கள், நிலம் பார்க்கப் போவார்கள், சாகக் கிடக்கிற அப்பாவைப் பார்க்கப் போவார்கள். நான் குடியை விடப் போனேன். எனக்கு வயது இருபத்தொன்று, அதுவும் பெண்பிள்ளை. சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துவிடலாம். பின்னால் இதைவிடக் கேவலமான இடங்கள் வருகின்றன.

யோசனை என் நாத்தனாருடையது. என் புருஷனுக்கு மூத்தவர், பெயர் காசியம்மாள், நான் அக்கா என்று கூப்பிடுவேன். பிள்ளை இல்லாமலே புருஷனை இழந்தவர். அப்பம் சுட்டு விற்றுத் தம்பியை வளர்த்தார். அவர் சொன்ன நியாயம் இது: மதராசில் சர்க்கார் கள், சாராயம், பிராந்தி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டது. அதே ஊருக்குத் தெற்கே திருவான்மியூரில் தீராத நோயைத் தீர்க்கிற மருந்தீசுவரர் இருக்கிறார்.

"சர்க்காரும் சாமியும் ஒரே ஊர்ல இருக்காங்க. இங்க சீனன் கடைதான் இருக்கு," என்றார்.

கிளம்புகிற அன்று என் புருஷனை நிற்கவைத்து, என் எதிரிலேயே சொன்னார். "குணமானா என்னோட கப்பல்ல திரும்பி வருவா. இல்லைன்னா செங்கல்பட்டுல இவ சித்தி வீட்டுல விட்டுட்டு நான் மட்டும் வருவேன். நீ வேற பொண்ணப் பாத்துக்க." என் புருஷன் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர். எத்தனை மூட்டை வேண்டுமானாலும் தூக்குவார், அக்கா பேச்சுக்கு எதிரில் தலையை மட்டும் தூக்கமாட்டார்.

குடி எப்படி வந்தது என்று கேட்பீர்கள். எங்கள் பக்கம் பிள்ளை பெற்றவளுக்கு உடம்புச் சூட்டுக்கென்று கொஞ்சம் பிராந்தி கொடுப்பார்கள். எனக்கும் கொடுத்தார்கள். பெண் குழந்தை. பேர் வைக்கிற நாள் வருவதற்குள் ஜுரம் கண்டு போய்விட்டது. குழந்தை போனதும் பிராந்தியையும் நிறுத்தியிருக்க வேண்டும். யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பிராந்தி தீர்ந்ததும் சம்சு, சீனர் கடையில் விற்கிற மலிவுச் சாராயம். கடைசியில் பக்கத்து வீட்டுக் குழந்தையைத் தொட்டிலில் போடுகிற விசேஷத்துக்குப் போய், தொட்டிலைப் பிடித்து ஆட்டிக்கொண்டு முழுப்பாட்டும் பாடி முடித்தேன். குழந்தையை அதில் இன்னும் போடவே இல்லை என்று பிறகுதான் சொன்னார்கள். அன்று ராத்திரி அக்கா கப்பல் விசாரிக்க ஆரம்பித்தார்.

மதராஸ் துறைமுகத்தில் இறங்கியதும் என் முதல் அவமானம். தேங்காயெண்ணெய் பாட்டிலில் பிராந்தி ஊற்றி, மேலே ஒரு விரல் அளவுக்கு எண்ணெயும் விட்டு வைத்திருந்தேன். அதை எவ்வளவு பெரிய மூளை என்று நினைத்திருந்தேன் தெரியுமா? சுங்கக்காரர் மூடியைத் திறந்து முகர்ந்தார்.

"இன்னாம்மா எண்ணெய் இது? தலைக்குத் தடவினா தலையே ஆடும் போல கீதே."

சாக்கடையில் கவிழ்த்தார். அக்கா என்னை அடிக்கவில்லை. அந்தச் சாக்கடையையே பார்த்துக்கொண்டு நின்றார். அடித்திருக்கலாம்.

மயிலாப்பூருக்கு டிராம். பினாங்கிலும் டிராம் ஓடியது, ஆனால் இந்த ஊர் டிராமில் வாய்ச்சண்டையும் சேர்ந்து ஓடுகிறது. பாதி வழியில் மேலே கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்த கொம்பு கழன்று வண்டி நின்றுவிட்டது. கண்டக்டர் இறங்கிக் கயிற்றைப் பிடித்து இழுத்தார்.

"இன்னாபா, இன்னிக்கும் கொம்பு கயண்டுக்கிச்சா?" என்றார் ஒருவர்.

"கொம்பு கயண்டா மாட்டலாம் நைனா. உனுக்கு வாய் கயண்டா எங்க போய் மாட்றது? கம்முனு குந்து."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அக்கா என் வாய்ப் பக்கம் மூக்கைக் கொண்டுவந்து மோந்து பார்த்தார். சும்மா சிரிப்புக்கும் அந்த நாளில் என்னிடம் சோதனை உண்டு.

தங்கினது ஒரு மெத்தைக்காரர் வீட்டின் முன்னறையில். அவருடைய தம்பி பினாங்கில் எங்கள் தெருவில் மெத்தைக்கடை வைத்திருக்கிறார், அந்தப் பழக்கம். மெத்தைக்காரரின் மனைவி பெயர் சாந்த் பீபி. முன்வாசல் முழுக்கப் பிரித்துப் போட்ட பழைய மெத்தைகள், காற்றடித்தால் சோற்றில் பஞ்சு. எங்களைப் பார்த்ததும் பீபி தன் வீட்டுக்காரரிடம் உருதுவில் ஏதோ சொன்னார், இருவரும் சிரித்தார்கள். பின்னால் பழகின பிறகு அர்த்தம் கேட்டேன். "பெரியது காவல்காரி, சின்னது கைதி, சாப்பாடு யாருக்கு முதலில் போடுவது?" என்றாராம்.

முதல் இரண்டு மூன்று நாள் நன்றாகப் போனதாகச் சொல்லமாட்டேன். வேர்த்தது, கை நடுங்கியது, காப்பி கிளப்பில் தம்ளரை எடுத்தால் பாதி காப்பி முந்தானைக்குப் போனது. மயிலாப்பூர் காப்பியை அப்படி வீணாக்கினவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். எங்கள் ஊர்க் காப்பி கறுப்பாக, கசப்பாக, குடித்தவனைத் திட்டுகிற மாதிரி இருக்கும். இங்கே நுரை வைத்து, ஆற்றி, மரியாதையாகக் கொடுக்கிறார்கள். மரியாதை என் முந்தானையில் சொட்டியது.

என் நடுக்கத்தைப் பார்த்து அக்கா தியாகராய நகரில் ஒரு வைத்தியரிடம் அழைத்துப் போனார். வைத்தியர் நாடி பிடித்தார். அக்கா கௌரவத்துக்காக, "பிரசவத்துக்கு அப்புறம் பலம் இல்லைங்க, தூக்கம் இல்லைங்க," என்று மட்டும் சொன்னார். குடியைப் பற்றிச் சொல்லவில்லை. நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அவர் ஒரு பெரிய புட்டியில் அரிஷ்டம் கொடுத்தார். சாப்பிட்ட பிறகு இரண்டு அவுன்சு.

முதல் வாய் குடித்தபோதே இது தெய்வ மருந்து என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இனிப்பு, ஒரு துவர்ப்பு, பிறகு நெஞ்சிலிருந்து வயிற்றுக்கு ஒரு விளக்கு இறங்கினது போல. கை நடுக்கம் நின்றது. ராத்திரி தூங்கினேன். காலையில் பீபி வீட்டுப் பஞ்சைப் பார்த்துப் பூ என்றேன். அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

நான்கு வேளை சாப்பாடு கேட்க ஆரம்பித்தேன். சாப்பிட்ட பிறகுதானே மருந்து.

அந்த வாரம்தான் நான் மதராசை நன்றாகச் சுற்றினது. பாண்டி பஜாரில் வளையல்காரரோடு பேரம் பேசி, வாங்காமல் வந்து, அவருக்காக வருத்தப்பட்டு மறுபடி போனேன். ரேஷன் அரிசியில் கல் இருக்கிறது என்று ஓட்டல்காரருக்கு ஆறுதல் சொன்னேன். கபாலீசுவரர் கோயில் குளத்துப் படியில் பெரியவர்களுக்குத் தர்ப்பணம் செய்துவைக்கிற ஒரு சாஸ்திரி உட்கார்ந்திருந்தார். வேறு சமயமாக இருந்தால் அவர் நிழலைத் தாண்டவே பயந்திருப்பேன். மருந்தின் தைரியத்தில் எதிரில் போய் நின்று, "சாமி, கைக்குழந்தைக்கு என்ன செய்யணும்?" என்று கேட்டேன்.

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார். "பல் முளைக்காத குழந்தைக்கு ஒண்ணும் கிடையாதும்மா. திதியும் இல்லை, தர்ப்பணமும் இல்லை. அது சுத்தம். நேரா பகவான்கிட்ட போயிடும். ஆத்துக்குப் போ."

நல்ல மனிதர். ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கோ, ஒன்றும் கிடையாது என்றது மட்டும் காதில் நின்றது. அன்று மருந்தை மூன்று அவுன்சு ஆக்கிக்கொண்டேன்.

இதற்குள் அக்காவுக்கும் முழங்கால் வலி. "பலத்துக்குத்தானே," என்று அவரும் ஒரு அவுன்சு ஆரம்பித்தார். அவர் முழங்காலும் குணமாகிவிட்டது. மாலையானால் நாங்கள் இருவரும் முன்னறையில் உட்கார்ந்து வைத்தியரைப் புகழ்வோம். என் புருஷனுக்குத் தபால் எழுதப் பீபியின் வீட்டுக்காரரைப் பிடித்து அக்கா சொல்லச் சொல்ல எழுதவைத்தார்: உன் பெண்டாட்டி குடியை மறந்துவிட்டாள், வாசனைகூட இல்லை.

நன்றி சொல்லத் திருவான்மியூருக்குப் புறப்பட்டோம். சாமி கும்பிடுகிற வரை சாப்பிடக்கூடாது. மருந்து சாப்பாடு இல்லையே என்று காலையிலேயே வெறும் வயிற்றில் இருவரும் குடித்துவிட்டு ஜட்காவில் ஏறினோம்.

ஜட்காவில் ஏறுவதற்கு ஒரு நுணுக்கம் உண்டு, அது எங்களுக்கு வரவில்லை. அக்கா பின்னால் உட்கார்ந்ததும் வண்டி சாய்ந்து குதிரையின் முன்கால் தரையை விட்டது.

"பெரிம்மா, முன்னாடி தள்ளி குந்து. குதுர ஆகாசத்துக்குப் போவுது பாரு," என்றார் வண்டிக்காரர்.

அக்கா முன்னால் நகர்ந்தார். நகர்ந்தவர் வண்டிக்காரர் முதுகில் சாய்ந்துகொண்டு சிரிக்க ஆரம்பித்தார். என் கல்யாணத்தில் சிரிக்காதவர். அடையாறு பாலம் வந்ததும் காற்று வாங்கிக்கொண்டு பாடவும் ஆரம்பித்தார். அப்பம் விற்கிறபோது தெருவில் போடுகிற கூவலையே ராகம் போட்டு. மீன் கூடைகளோடு ஊரூர்க் குப்பத்துப் பெண்கள் எதிரில் வந்தார்கள். அக்கா அவர்களைப் பார்த்து, "அப்பம் வேணுமா?" என்று கேட்டார்.

"உன் கையில எங்க கீது அப்பம்?" என்றாள் ஒருத்தி. "ஏறிக்கிச்சா காலையிலயே?"

வண்டிக்காரர் திரும்பி எங்களை ஒரு பார்வை பார்த்தார். "எந்த வைத்தியர் கடைம்மா? நம்மளுக்கும் சொல்லேன்."

"உங்களுக்கு என்ன நோய்?" என்று கேட்டேன், அக்கறையாக.

"உனுக்குக் கீற அதே நோய்தான். கடையை மூடினதுலேருந்து மெட்ராஸ்ல குடிகாரன்லாம் அரிஸ்டம்தான் குடிச்சுகினு கீறான். எங்க தெருவுல ஒர்த்தன் பிள்ள பெத்தவ மருந்தக் குடிச்சுட்டு மூணு நாளா எழுந்துக்கல. உங்க ரெண்டு பேர் வாயும் இங்க வரைக்கும் மணக்குது, தாயி. கோயிலுக்கு இப்பிடியா போவீங்க?"



அக்கா நேராக உட்கார்ந்தார். வண்டி மறுபடி பின்பக்கம் சாய்ந்தது, அதை அவர் கவனிக்கவில்லை. தன் உள்ளங்கையில் ஊதி மோந்து பார்த்தார். இத்தனை நாள் என் வாயை மோந்தவர்.

"வண்டியைத் திருப்பு," என்றார்.

குடியை விடவைக்க என்னைக் கூட்டிவந்தவர், நான் குடிக்கப் பாதை போட்டு, தானும் அதில் நடந்து, தம்பிக்குத் தபாலும் போட்டுவிட்டார். எனக்கு அப்போது சிரிப்பு வந்தது. அதற்கு மேல், செங்கல்பட்டு சித்தியின் முகம் வந்தது. குணமாகிவிட்டேன் என்று நானே நம்பியிருந்தேன். ஒரு சொட்டுகூடக் குறையாமல் அப்படியே இருந்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா புட்டியை வாசலில் கவிழ்த்தார். பிறகு இரண்டு நாள் எனக்கு நினைவு சரியாக இல்லை. சுவரில் எறும்பு இல்லாத இடத்தில் எறும்பு பார்த்தேனாம். மெத்தைக்காரரைச் சுங்கக்காரர் என்று நினைத்து, எண்ணெய்தான், எண்ணெய்தான் என்று கையெடுத்துக் கும்பிட்டேனாம். அவர் பாவம், "சரிம்மா, எண்ணெய்தான்," என்று ஒப்புக்கொண்டாராம்.

பீபி பயந்துபோய் அடையாற்றிலிருந்து ஒரு டாக்டரம்மாவை வரவழைத்தார். யுத்தத்தில் பட்டாள ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர். இந்த முறை அக்கா எதையும் மறைக்கவில்லை. பிராந்தி, சம்சு, தொட்டில், அரிஷ்டம், தன் முழங்கால் வரை சொன்னார்.

டாக்டரம்மா தூங்குவதற்கு ஏதோ கொடுத்தார், எண்ணிக் கொடுத்து மீதியைத் தன் பையிலேயே போட்டுக்கொண்டார். கஞ்சியும் மோரும் கொடுக்கச் சொன்னார். "தனியா விடாதீங்க. கைக்கு ஏதாவது வேலை கொடுங்க. குழந்தையைப் பத்திப் பேசினா பேச விடுங்க."

"பேசினா ஞாபகம் வருமே," என்றார் அக்கா. "அதனாலதான் வீட்ல யாரும் அந்தப் பேச்சே எடுக்கக்கூடாதுன்னு வெச்சிருக்கேன்."

"பேசாம இருந்தீங்களே, ஞாபகம் போச்சா?"

அக்கா எழுந்து கஞ்சிக்கு அரிசி களையப் போனார்.

எழுந்து நடக்க முடிந்ததும் டாக்டரம்மாவின் வீட்டுக்குப் போனேன். மற்ற நோயாளிகள் போன பிறகு வெளி பெஞ்சில் என்னை உட்காரவைத்துத் தானும் உட்கார்ந்துகொள்வார். ஊசி இல்லை, மருந்து இல்லை. "சொல்லு," என்பார். முதல் நாள் பினாங்கு மீனுக்கும் மதராஸ் மீனுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொன்னேன். இரண்டாம் முறை டிராம். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மீனும் டிராமும் நல்லா இருக்கு. அடுத்த தடவை உன்னைப் பத்தி," என்றார். இப்படி ஒரு வைத்தியத்துக்கு யாராவது கடல் தாண்டி வருவார்களா என்று திட்டிக்கொண்டே திரும்பினேன்.

ஆனால் அன்று சாயங்காலம் வாய் தானாகத் திறந்துகொண்டது. பீபி எனக்குக் கொடுத்திருந்த வேலை பழைய மெத்தையின் பஞ்சைப் பிய்ப்பது. வருஷக்கணக்காக ஆட்கள் படுத்துப் படுத்துக் கட்டி கட்டியாக இறுகிப்போன பஞ்சு. கட்டியை எடுத்து விரலால் பிரித்துப் பிரித்துப் போட வேண்டும். மூக்கில், இமையில், வாயில் எல்லாம் பஞ்சு. பீபி எதிரில் அதே வேலை. யார் முகமும் யாருக்கும் சரியாகத் தெரியாது.

"அதுக்குத் தலை நெறைய முடி," என்றேன். "இடது காது மட்டும் மடிஞ்சு இருக்கும். நான் நீவி நீவி விடுவேன், மறுபடி மடிஞ்சுக்கும்."

பீபி நிமிரவில்லை. "ம்," என்றார்.

காதிலிருந்து ஆரம்பித்து எல்லாம் சொன்னேன். ஜுரம், புதைத்த இடம், யாருமே ஒன்றும் செய்யவில்லை என்பது, செய்ய ஒன்றும் கிடையாது என்று குளக்கரையில் சாஸ்திரி சொன்னது, பால் கட்டி வலித்தபோது குடித்தது, வலி நின்ற பிறகும் குடித்தது. அழுதேன். அழுகையில் பஞ்சு முகம் முழுக்க ஒட்டிக்கொண்டு கிழவன் தாடி மாதிரி ஆகிவிட்டது. பீபி அதைப் பார்த்துச் சிரிக்காமல் இருக்க உதட்டைக் கடித்தார். நான்தான் முதலில் சிரித்தேன்.

"பேர் இன்னா?" என்று கேட்டார்.

"பேர் வைக்கலை. அதுக்குள்ள போயிடுச்சு."

"அரே, பேர் இல்லாமயா மண்ணுல வெச்சீங்க? எனக்கு ஒரு புள்ள, சாயங்காலம் பொறந்து காலையில இல்ல. யூசுப். பேர் வெச்சுத்தான் எடுத்துக்கினு போனாங்க. நாளைக்கு அல்லாகிட்ட போயி யாரக் காட்டுன்னு கேப்பேன் நானு? ஒரு பேர் வேணாமா கூப்டறதுக்கு?" பிறகு என் முகத்தைப் பார்த்து, "உங்கள்ல யாரு பேர் வெப்பாங்க?" என்றார்.

"அத்தைதான். அப்பாவோட கூடப்பிறந்தவங்க."

சொன்ன பிறகுதான் நிலைப்படியில் அக்கா நிற்பதைப் பார்த்தேன். கையில் கஞ்சிக் கிண்ணம். எவ்வளவு நேரமாக நின்றாரோ, கஞ்சி ஆடை கட்டியிருந்தது. என் எதிரில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். பேச்சை எடுத்ததற்குக் கோபம் என்று நினைத்தேன். செங்கல்பட்டுக்கு மூட்டை கட்டுகிறார் என்றும் நினைத்தேன்.

அதற்குப் பிறகு பல நாள் அவர் அதிகம் பேசவில்லை. நான் பஞ்சு பிய்த்தேன், பெஞ்சுக்குப் போனேன், என்னைப் பற்றிச் சொன்னேன். கை நடுக்கம் தானாகவே குறைந்தது. இந்த முறை அதற்கு இனிப்பில்லை, விளக்கில்லை. ஆசை மட்டும் மாலையானால் வந்து வாசலில் நிற்கும், கடன்காரன் மாதிரி. பஞ்சுக் கட்டியைப் பிய்ப்பேன்.

ஒரு நாள் அக்கா விடியும்போதே குளித்துவிட்டு வந்து, "கிளம்பு, திருவான்மியூர்," என்றார்.

இந்த முறை பஸ். கரியைப் போட்டு எரித்து அந்தப் புகையில் ஓடுகிற பஸ். பாலத்து ஏற்றத்தில் மூச்சு வாங்கி நின்றுவிட்டது. எல்லோரும் இறங்கித் தள்ளினோம். "தெம்பா தள்ளும்மா, துன்னலியா?" என்றார் டிரைவர். அக்கா, "சாமி கும்பிடாம ஒண்ணும் தொடறதில்லை," என்றார். போன தடவை வெறும் வயிற்றில் குடித்தது நினைவுக்கு வந்ததோ என்னவோ, அந்தச் சொல்லில் அவருக்கே ஒரு விக்கல் எடுத்தது. நான் பஸ்ஸின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டேன்.

சன்னதியில் கூட்டம் இல்லை. குருக்கள் தேங்காய்த் தட்டை வாங்கிக்கொண்டு, "யார் யார் பேருக்கு அர்ச்சனை? பேர், நட்சத்திரம் சொல்லுங்கோ," என்றார்.

அக்கா தம்பியின் பெயரைச் சொன்னார். என் பெயர், என் நட்சத்திரம். தன் பெயர். குருக்கள் உள்ளே போகத் திரும்பினார்.

"இன்னும் ஒண்ணு இருக்கு," என்றார் அக்கா. "ரேவதி நட்சத்திரம். கனகவல்லி."

எங்கள் குடும்பத்தில் கனகவல்லி என்று யாரும் இல்லை. நான் அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் சாமியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டில் ரேவதியில் பிறந்தது ஒன்றே ஒன்றுதான்.

"குழந்தையா?" என்றார் குருக்கள். "அழைச்சிண்டு வரலையா?"

"பினாங்குல இருக்கு."

"க்ஷேமமா இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். இல்லாதவர்களுக்கு அர்ச்சனை செய்யக்கூடாது என்று எனக்கும் தெரியும், அக்காவுக்கும் தெரியும். அவர் சொன்னதில் பொய்யும் இல்லை. உள்ளேயிருந்து ரேவதி நட்சத்திரே என்று கேட்டது, அதோடு பெயரும் கேட்டது. என் மகளின் பெயரை நான் முதல்தடவை கேட்டது ஒரு அறிமுகமில்லாத குருக்களின் குரலில். அங்கேயே தூணோரம் உட்கார்ந்தேன். அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எப்ப வெச்சீங்க?" என்று கேட்டேன்.

"பொறந்த அன்னிக்கே. நாள் வரட்டும், தொட்டில்ல போட்டுக் காதுல சொல்லலாம்னு வெச்சிருந்தேன்." முந்தானையால் மூக்கைத் துடைத்தார். "சொல்ல முடியாம வாயிலயே வெச்சுக்கிட்டிருந்தேன்டி."

 பிறகு வெளியே வந்து செருப்பைத் தேடுகிறபோது என் புத்தி என்னிடம் திரும்பி வந்துவிட்டது.

"அக்கா, கனகவல்லியா? எத்தனையோ புதுசு புதுசா பேர் இருக்கே. சரோஜா, வசந்தா. இது யாரோ நகைக்கடைக்காரர் பொண்டாட்டி பேர் மாதிரி இருக்கு."

"அத்தை வெச்ச பேரு. உனக்கு அதுல பேச்சே கிடையாது."

"பெத்தவ நான்."

"பெத்ததோட சரி. கனகுன்னு கூப்பிட்டா எவ்வளவு அழகா இருக்கும் தெரியுமா?"

"கனகு. நல்லாத்தான் இருக்கு, வட்டிக்கடையில கூப்பிட."

பஸ் நிறுத்தம் வரை விடவில்லை. பக்கத்தில் நின்ற பூக்காரி, "இன்னாத்துக்குமா சண்டை?" என்று கேட்டாள். "பொண்ணுக்குப் பேர் வைக்கிறதுல," என்றார் அக்கா. "ஆங், அது எல்லா ஊட்லயும் கீறதுதான்," என்று அவள் முழம் போட ஆரம்பித்துவிட்டாள்.

பஸ் வந்தது. நான் வசந்தாவை இன்னொரு முறை சொல்லிப் பார்த்தேன். அக்கா படியில் ஒரு காலை வைத்துத் திரும்பினார்.

"ஏறு முதல்ல. மிச்சத்தைக் கப்பல்ல பேசிக்கலாம்."